கவுண்டிக்குப் புதிய சிறை, நீதிமன்றம், அலுவலகம்: திட்ட அறிக்கையை எப்படிப் படிப்பது?

கேள்வி சுருக்கமாக: "அமெரிக்காவின் மத்திய மேற்கில், ஒன்றரை லட்சம் பேர் வாழும் ஒரு கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) இருக்கிறோம். 1970களில் கட்டிய சிறையில் 210 படுக்கைகள். கைதிகளோ சுமார் 290 பேர். மிச்சப் பேரைப் பக்கத்துக் கவுண்டிகளில் நாள் வாடகைக்கு வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு 4,800 பேர் உள்ளே வருகிறார்கள், சராசரியாக 22 நாள் இருக்கிறார்கள், 20 ஆண்டுத் தேவைக்கு 420 படுக்கை வேண்டும் என்கிறது ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கை. சிறை, நீதிமன்றம், நிர்வாக அலுவலகம் மூன்றையும் ஊருக்கு வெளியே ஒரே வளாகமாகக் கட்ட யோசனை. எனக்கு வாக்குரிமை இல்லை. வீடு இருக்கிறது, வரி கட்டுகிறேன். இந்த 420 எங்கிருந்து வந்தது? பொதுக் கூட்டத்தில் எதைக் கேட்பது?"

வாக்குரிமை இல்லாவிட்டாலும் கூட்டத்தில் பேசலாம், ஆவணங்களைக் கேட்டு வாங்கலாம். பொதுக் கட்டடங்களின் திட்டமிடலில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அறிக்கையின் வண்ணப் படங்களைத் தள்ளிவிட்டு நேராகப் பின்னிணைப்புக்குப் போங்கள். சங்கதி எல்லாம் அங்கேதான் இருக்கும்.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்காக ஒரு விளக்கம். நீண்ட தண்டனை பெற்றவர்கள் போவது மாநிலச் சிறைக்கு. கவுண்டியின் காவல் தலைவரான ஷெரீப்பின் பொறுப்பில் உள்ள கவுண்டிச் சிறை என்பது பெரும்பாலும் விசாரணைக் கைதிகளும் குறுகிய தண்டனைக்காரர்களும் இருக்கும் இடம். தமிழ்நாட்டின் கிளைச் சிறைக்கு நெருக்கமானது. 2022 கணக்கில் நாடு முழுவதும் உள்ளூர்ச் சிறைகளில் இருந்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். அலாஸ்கா, கனெக்டிகட், டெலவேர், ஹவாய், ரோட் ஐலண்ட், வெர்மான்ட் ஆகிய ஆறு மாநிலங்களில் இருவகைச் சிறையையும் மாநில அரசே நடத்துகிறது. உங்கள் மாநிலம் உட்பட மற்ற இடங்களில் பெரும்பாலும் கவுண்டி வரிதான் இதைத் தாங்குகிறது.

இப்போது 420க்கு வருவோம். ஒரு லாட்ஜுக்கு எத்தனை அறை வேண்டும் என்று கணக்குப் போடுவது போலத்தான்: எத்தனை பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் எத்தனை நாள் தங்குகிறார்கள். 4,800 பேர், 22 நாள், 365ஆல் வகுத்தால் 289. இதுதான் இன்றைய சராசரி. மக்கள்தொகையை ஒட்டி ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் கூடும் என்று வைத்துக்கொண்டால் 20 ஆண்டில் 357 ஆகும். எந்தச் சிறையும் முழுக்க நிரம்பி இயங்க முடியாது. பெண்களைத் தனியாக வைக்க வேண்டும், வன்முறைக்காரரையும் நோயாளியையும் தனித்தனியாக வைக்க வேண்டும், சனி ஞாயிறில் வரவு கூடும். அதனால் 85 சதவீதம் நிரம்பியதையே முழுக் கொள்ளளவாகக் கொள்வார்கள். 357ஐ 0.85ஆல் வகுத்துப் பாருங்கள்: 420.

இந்தக் கணக்கில் பிழை இல்லை. பிரச்சினை அந்த 22ல் இருக்கிறது. அறிக்கை அதை மழையளவு போல எடுத்துக்கொள்கிறது, யாரும் மாற்ற முடியாத ஒன்றாக. உண்மையில் அந்த எண்ணை உண்டாக்குவது நீதிபதிகள், அரசு வழக்கறிஞர், அரசு செலவில் வாதாடும் வழக்கறிஞர்கள், ஜாமீன் விதிகள், மனநலப் பரிசோதனைக்குக் காத்திருக்கும் வரிசை, கடைசியாக வாய்தா.

சராசரியைப் பிரித்தால் இது புலப்படும். உங்கள் கவுண்டியின் உண்மைப் பிரிவினை என்னிடம் இல்லை. அதே மொத்தத்துக்குப் பொருந்தும் ஒரு மாதிரியைப் போடுகிறேன். 4,800 பேரில் 2,880 பேர் ஒன்றரை நாளில் வெளியே போய்விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குத் தேவையான படுக்கை எத்தனை தெரியுமா? வெறும் 12. கடுமையான வழக்குகளில் சிக்கிய 300 பேர் சராசரியாக 200 நாள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் 164 படுக்கை. நடுவில் இருக்கும் 1,620 பேர் மூன்றரை வாரம் போல இருந்து மீதி 113ஐ நிரப்புகிறார்கள். ஆக, வருகிறவர்களில் ஆறு சதவீதம் பேர் பாதிச் சிறைக்கு மேல் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த 300 பேரின் வழக்கு ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வாய்தா, அதுவும் 30 நாள் வாய்தா, குறைந்தால் எத்தனை படுக்கை மிச்சம்? 300ஐ 30ஆல் பெருக்கி 365ஆல் வகுங்கள்: சுமார் 25. தடயவியல் அறிக்கை வரவில்லை, வழக்கறிஞர் வேறு நீதிமன்றத்தில் இருக்கிறார், மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை என்று தள்ளிப்போகும் ஒரு தேதியின் விலை அது. ஒருவரைக்கூடக் கூடுதலாக விடுதலை செய்யாமல், ஒரு சட்டத்தையும் மாற்றாமல் கிடைக்கும் மிச்சம்.

நாடு தழுவிய அளவில் இதற்குச் சான்று கொரோனா காலம் தந்தது. 2019இல் உள்ளூர்ச் சிறைகளுக்குள் போனவர்களின் எண்ணிக்கை சுமார் 1.03 கோடி (ஒரே ஆள் பல முறை போவதும் இதில் சேரும்). 2022இல் 73 லட்சம். கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவு. ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளில் உள்ளே இருந்தவர்கள் 7,34,500இலிருந்து 6,63,100 ஆகத்தான் குறைந்தார்கள். அதாவது 10 சதவீதம். வரவு இவ்வளவு விழுந்தும் இருப்பு ஏன் விழவில்லை? தங்கும் நாள் 26இலிருந்து 32க்கு ஏறிவிட்டது. ஜூரி விசாரணைகள் நின்று வழக்குகள் குவிந்ததற்கு அதில் பெரும் பங்கு உண்டு.

ஹூஸ்டன் நகரை உள்ளடக்கிய ஹாரிஸ் கவுண்டியில் இதே பாடத்தை வெள்ளம் நடத்தியது. அங்கே குற்றவியல் நீதிமன்றங்களை எல்லாம் ஒரு 20 மாடிக் கட்டடத்தில் அடுக்கியிருந்தார்கள். 2001 ஜூனில் அலிசன் புயலில் அந்தப் பகுதியின் நிலத்தடிச் சுரங்கப் பாதைகளும் கீழ்த்தளங்களும் மூழ்கின. 2017 ஆகஸ்டில் ஹார்வி வந்து அதே கட்டடத்தை மூட வைத்தது. நீதிபதிகள் பக்கத்துக் கட்டடங்களில் அறைகளைப் பங்கிட்டுக்கொண்டு முறை வைத்து உட்கார வேண்டியதாயிற்று. வழக்குகள் தேங்கின, தேங்கிய வழக்குகளின் கைதிகள் சிறையில் தேங்கினார்கள். நீதிமன்றக் கட்டடத்தின் மின்சாதனமும் குழாயும் எந்தத் தளத்தில் இருக்கின்றன என்பது சிறைக் கூட்டத்தைத் தீர்மானிக்கும் விஷயம் என்றால் முதலில் சிரிப்பு வரும். ஹூஸ்டன்காரர்களுக்கு வராது.

ஆகவே உங்கள் கூட்டத்தில் நான் முதலில் கேட்கச் சொல்வது: 22 நாளை 18 ஆக்கினால் எத்தனை படுக்கை என்று அறிக்கையில் ஓர் அட்டவணை உண்டா? (237 பேர், இன்றைய அளவுக்கு 280 படுக்கை போதும்.) அந்த அட்டவணை இல்லையென்றால் அறிக்கை பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது. இதில் ஒரு சங்கடம் உண்டு. கவுண்டியை நிர்வகிக்கும் ஆணையர்கள் கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கலாம். நீதிபதிக்குக் கட்டளையிட முடியாது. ஷெரீப் தனியாகத் தேர்தலில் ஜெயித்தவர், அரசு வழக்கறிஞர் தனியாக ஜெயித்தவர், பல மாநிலங்களில் நீதிபதியும் அப்படியே. யாரும் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத இந்த அமைப்பில் எல்லோருக்கும் சுலபமான சமரசம், பெரிய கட்டடம். அதனால்தான் உருப்படியாகத் திட்டமிடும் கவுண்டிகள் கட்டடக் கலைஞரை அமர்த்துவதற்கு முன்பே இவர்கள் எல்லோரையும் ஒரு குழுவாக உட்கார வைத்து, சிறையில் நூறு நாளுக்கு மேல் இருப்பவர்களின் பட்டியலை மாதந்தோறும் பெயர் பெயராகப் பார்க்க வைக்கின்றன. உங்கள் கவுண்டியில் அப்படி ஒரு குழு கூடுகிறதா என்று விசாரியுங்கள்.

அடுத்து, முன்கணிப்பு. 20 ஆண்டுக்குக் கோடு இழுப்பதில் யாருக்கும் பெருமைப்பட ஒன்றும் இல்லை. 1983இல் உள்ளூர்ச் சிறைகளில் சுமார் 2,23,500 பேர் இருந்தார்கள். 2008இல் 7,85,500. அந்த ஆண்டு அறிக்கை எழுதியவர்கள் கோட்டை மேல்நோக்கி நீட்டினார்கள். கோடு அங்கேயே வளைந்து கீழே இறங்கிவிட்டது. மாநிலச் சட்டசபை ஒரே கையெழுத்தில் எல்லாக் கணக்கையும் கலைத்துவிடும். நியூ ஜெர்சி 2017 ஜனவரியில் பண ஜாமீனை (பணம் கட்டினால்தான் வெளியே விடும் முறை) கிட்டத்தட்ட ஒழித்தது. அதற்கு முன்பே தொடங்கிய இறக்கத்தையும் சேர்த்தால் விசாரணைக் கைதிகள் சில ஆண்டுகளில் 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தார்கள். அங்கே சில கவுண்டிகள் சொந்தச் சிறையை மூடிவிட்டுப் பக்கத்துக் கவுண்டியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. இல்லினாய் 2023 செப்டம்பரில் பண ஜாமீனை முற்றாக எடுத்துவிட்டது. எதிர்த்திசையிலும் நடக்கும்: இந்தியானா 2014இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தியபோது, கடைநிலைக் குற்றங்களுக்கான தண்டனைக் கைதிகளை மாநிலச் சிறையிலிருந்து கவுண்டிச் சிறைகளின் தலையில் கட்டியது. பிறகு 2022இல் அதில் ஒரு பகுதியைத் தளர்த்தியது. இடைப்பட்ட ஆண்டுகளில் திட்டமிட்ட கவுண்டிகளின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

இப்படி ஆடும் எண்ணுக்குக் கான்கிரீட்டில் பதில் சொல்வது எப்படி? சமையலறை, மருத்துவப் பிரிவு, கைதிகளைப் பதிவு செய்யும் பகுதி, கழிவுநீர், மின்சாரம் ஆகியவற்றைப் பின்னால் பெரிதாக்குவது கடினம். அவற்றைக் கொஞ்சம் தாராளமாகக் கட்டலாம். படுக்கைத் தொகுதிகளை இன்றைய தேவைக்கு ஒட்டிக் கட்டிவிட்டு, இன்னும் இரண்டு தொகுதி ஒட்டிக்கொள்ள நிலமும் சுவரும் விட்டு வைக்கலாம். 420ஐ ஒரே மூச்சில் கட்ட வேண்டும் என்று வாதிடுபவரிடம், காலி அறைகளை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "மத்திய அரசுக் கைதிகளுக்கு வாடகைக்கு விடுவோம்" என்று பதில் வந்தால் உஷாராகுங்கள். மொன்டானாவில் ஹார்டின் என்ற சிற்றூரில் அப்படி நம்பிக் கடன் பத்திரம் விற்று, 2.7 கோடி டாலரில் 464 படுக்கைச் சிறை ஒன்றை 2007இல் கட்டி முடித்தார்கள். கைதி வரவில்லை. 2009இல் குவாண்டனாமோ (கியூபாவில் உள்ள அமெரிக்க ராணுவச் சிறை) கைதிகளையாவது அனுப்புங்கள் என்று ஊர்க்காரர்கள் கேட்கும் நிலைக்குப் போனது.

கட்டும் செலவைவிட நடத்தும் செலவுதான் கையைக் கடிக்கும். இது எல்லா அறிக்கையிலும் ஒரு வரியாக வரும். ஆனால் கூட்டங்களில் பேச்சு முழுக்கக் கட்டுமானத் தொகையைச் சுற்றியே ஓடும். சிறையில் ஒரு காவல் இடம் என்றால் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். விடுப்பு, நோய், பயிற்சி போக ஒரு காவலர் உண்மையில் வேலை பார்ப்பது 1,700 மணி நேரம் போல. ஆக ஒரு நாற்காலிக்கு ஐந்து சம்பளம். ஆறு தொகுதிகளுக்கு ஆறு நாற்காலி போட்டாலே 30 பேருக்கு மேல். கட்டுப்பாட்டு அறை, பதிவு, மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் கூட்டிப்போவது எல்லாம் தனி. இதில் கஞ்சத்தனம் காட்டவும் வழியில்லை: டெக்சாஸில் மாநில விதிப்படி 48 கைதிகளுக்கு ஒரு காவலர் இருந்தே ஆக வேண்டும். பல கவுண்டிகளில் படுக்கை காலியாக இருந்தும் ஆள் இல்லாமல் தொகுதிகள் பூட்டிக் கிடக்கின்றன.

இதற்கு ஓரிகனின் போர்ட்லாந்து நகரம் இருக்கும் முல்ட்னோமா கவுண்டியைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. 1996இல் மக்கள் வாக்களித்துக் கடன் பத்திரத்துக்கு அனுமதி தந்தார்கள். அதே காலத்தில் மாநில அளவில் சொத்து வரிக்கு உச்சவரம்பு விதித்தும் வாக்களித்தார்கள். முதல் வாக்கு கட்டுவதற்குப் பணம் தந்தது. இரண்டாவது வாக்கு நடத்துவதற்கான பணத்தை எடுத்துக்கொண்டது. 5.8 கோடி டாலரில், 525 படுக்கைகளோடு வபாட்டோ சிறை 2004இல் கட்டி முடிந்தது. ஒரு கைதிகூட அதற்குள் ஓர் இரவும் தங்கியதில்லை. சினிமா, தொலைக்காட்சிப் படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போனது. கவுண்டி ஆண்டுதோறும் பராமரிப்புச் செலவைக் கட்டிக்கொண்டு வந்து, 2018இல் 50 லட்சம் டாலருக்கு விற்றது. 2020இல் வீடற்றவர்களுக்கான தங்குமிடமாக அது திறக்கப்பட்டது.

டெட்ராயிட் இருக்கும் வெய்ன் கவுண்டியின் கதை வேறு வகை. அங்கே ஆள் செலவுக்குப் போகும் முன்பே திட்டம் கவிழ்ந்தது. நகரின் நடுவில் கிராஷியட் சாலையில் 2,000 படுக்கைச் சிறை கட்டத் தொடங்கி, செலவு எல்லை மீறவே 2013 ஜூனில் வேலையை நிறுத்தினார்கள். பாதி எழும்பிய கான்கிரீட் ஆண்டுக்கணக்கில் நின்றது. கடன் வட்டி, காவல், வாடகை என்று மாதம் பத்து லட்சம் டாலருக்கு மேல் சும்மாவே போனது. கடைசியில் 2018இல் தொழிலதிபர் டான் கில்பர்ட்டின் நிறுவனத்தோடு இட மாற்று ஒப்பந்தம் போட்டு, நகரின் வேறொரு பகுதியில் சிறை, நீதிமன்றம், சிறார் இல்லம், ஷெரீப் மற்றும் அரசு வழக்கறிஞர் அலுவலகங்கள் எல்லாம் சேர்ந்த வளாகம் எழுந்து 2024இல் திறந்தது. பழைய கான்கிரீட்டை இடித்துவிட்டார்கள். வரைபடம் முடியும் முன்பே ஒப்பந்தம் போட்டு, விலை தெரியும் முன்பே கடன் பத்திரம் விற்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

உங்கள் கவுண்டியில் பணம் எப்படித் திரட்டப்போகிறார்கள் என்பதையும் பாருங்கள். நேரடியான கடன் பத்திரத்துக்குப் பல மாநிலங்களில் வாக்கெடுப்பு வேண்டும். மக்கள் நிராகரித்துவிடுவார்கள் என்று பயந்தால், ஒரு கட்டட ஆணையத்தை உருவாக்கி, அது கடன் வாங்கிக் கட்ட, கவுண்டி அதற்கு வாடகை கட்டுவது போல ஏற்பாடு செய்வார்கள். சட்டப்படி சரிதான். வட்டி சற்றுக் கூடும். கேள்வி கேட்கும் வாய்ப்பு குறையும்.

நீதிமன்றக் கட்டடம் இந்த மூன்றில் எனக்கு மிகப் பிடித்தது. மிகக் கடினமானதும் அதுதான். ஒரு கட்டடத்துக்குள் மூன்று கட்டடங்கள் ஒன்றையொன்று தொடாமல் இருக்க வேண்டும்: பொதுமக்கள் நடக்கும் வழி, நீதிபதியும் ஜூரியும் ஊழியர்களும் நடக்கும் வழி, கைதியைக் கொண்டுவரும் வழி. மூன்றும் சந்திக்கும் ஒரே இடம் நீதிமன்ற அறைதான். புதிய கட்டடங்களில் இரண்டு நீதிமன்ற அறைகளுக்கு நடுவே ஒரு சிறு காவல் அறையும் அதற்குக் கீழிருந்து வரும் தனி லிஃப்டும் வைப்பது இதற்காகத்தான்.

பழைய கட்டடத்தில் என்ன நடக்கும் என்பதை நீங்களே ஒரு திங்கட்கிழமை காலை போய்ப் பார்க்கலாம். நான் வேலை பார்த்த ஒரு கவுண்டியில், பெயர் வேண்டாம், நூறாண்டுக் கட்டடம். வளைந்த பளிங்குப் படிக்கட்டு, கூரையில் வண்ணக் கண்ணாடி. இரண்டாம் மாடி நடைபாதையின் அகலம் எட்டடி. ஒரு பக்கம் பெஞ்சு. அதில் கொலையுண்டவரின் தாயார், இரண்டு ஆள் தள்ளிக் குற்றம் சாட்டப்பட்டவரின் தாயார், எதிரே குளிர்பான இயந்திரத்தில் காசு போட்டுக்கொண்டிருக்கும் ஜூரி உறுப்பினர். காவலர் "வழி விடுங்கள்" என்று குரல் கொடுத்ததும் எல்லோரும் சுவரோடு ஒட்டி நிற்க, ஆரஞ்சு உடையில் நான்கு பேர் கால் சங்கிலி கல்தரையில் உரசும் சத்தத்தோடு நடந்து போனார்கள். அந்த ஜூரி உறுப்பினர் பார்த்தது எந்த வழக்கின் கைதியை? தக்க காரணமில்லாமல் ஜூரியின் கண்ணில் படும்படி ஒருவரை விலங்கிட்டு நிறுத்தக் கூடாது என்று 2005இல் டெக் எதிர் மிசூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நடைபாதையில் பார்த்துவிட்டால் விசாரணையைச் செல்லாததாக்கக் கோரி மனு வரும். மனு வந்தால் வாய்தா. வாய்தா வந்தால் மேலே போட்ட கணக்குத்தான்.

பாதுகாப்பும் சாதாரண விஷயம் இல்லை. அதே 2005 மார்ச் மாதம் அட்லாண்டாவின் ஃபுல்டன் கவுண்டி நீதிமன்றத்தில், விசாரணைக்காக உடை மாற்ற அழைத்துவரப்பட்ட ஒரு கைதி, தனியாக இருந்த பெண் காவலரைத் தாக்கிவிட்டு, துப்பாக்கியைக் கைப்பற்றி, கட்டடங்களை இணைக்கும் பாலத்தைக் கடந்துபோய், நீதிபதி ரோலண்ட் பார்ன்ஸையும் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளரையும் அறைக்குள்ளேயே சுட்டுக் கொன்றார். வெளியே இன்னொரு காவலரும் இறந்தார். அதற்குப் பிறகு எழுதப்பட்ட எந்த நீதிமன்றத் திட்டத்திலும் கைதி வழி தனியாக இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

எத்தனை நீதிமன்ற அறை வேண்டும் என்பதற்கு நீதிபதி ஒருவருக்கு ஓர் அறை என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலான வழக்குகள் ஜூரி விசாரணை வரை போவதே இல்லை. ஜூரிப் பெட்டியோடு கூடிய பெரிய அறைகள் சில, சிறிய விசாரணை அறைகள் பல, அவற்றை நீதிபதிகள் பங்கிட்டுக்கொள்வது என்றால் கட்டடம் கணிசமாகச் சுருங்கும். நீதிபதிகளுக்கு இது பிடிக்காது. தன் அறை தன் பெயரில் இருக்க வேண்டும் என்ற ஆசை அந்தப் பதவியோடு பிறந்தது. காணொளி மூலம் நடக்கும் முதல் விசாரணைகளும் இப்போது வழக்கமாகிவிட்டன. ஒரு கைதியை வேனில் ஏற்றி இரண்டு காவலரோடு ஐந்து நிமிட விசாரணைக்குக் கொண்டுபோகும் செலவு அதில் மிச்சம்.

நிர்வாக அலுவலகங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை. இன்றைய ஊழியர் எண்ணிக்கையை இத்தனை சதுர அடியால் பெருக்கி, 20 ஆண்டு வளர்ச்சியையும் சேர்த்துப் பெரிய எண்ணைக் காட்டுவார்கள். பத்திரப் பதிவு, சொத்து வரி, வாகனப் பதிவு எல்லாம் இணையத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. 2020க்குப் பிறகு பலர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்தால் ஒரு தளமே காலியாகும். இதற்கு விலக்கு தேர்தல் பிரிவு. வாக்கு இயந்திரங்களையும் தபால் வாக்குகளையும் பூட்டிக் காவலோடு வைக்க இடம் இன்னும் கூடுதலாகவே தேவைப்படுகிறது.

வளாகத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோகலாமா? சேர்த்து வைப்பதில் லாபம் நிச்சயம் உண்டு. இந்தியானாபொலிஸ் நகரத்தின் மேரியன் கவுண்டி, நிலக்கரியிலிருந்து கோக் எரிபொருளும் எரிவாயுவும் எடுத்த பழைய ஆலை இருந்த மாசுபட்ட நிலத்தைத் தூய்மைப்படுத்தி, அங்கே 3,000 படுக்கைச் சிறையையும் நீதிமன்றங்களையும் கட்டி 2022இல் குடியேறியது. அதற்கு முன்பே 2020 இறுதியில் அதே இடத்தில் மனநலத் தொல்லையும் போதைப் பழக்கமும் உள்ளவர்களைப் போலீஸ் சிறைக்குக் கொண்டுபோகாமல் கொண்டுவந்து விடுவதற்கு ஒரு மையத்தைத் திறந்துவிட்டார்கள். அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது: முதலில் சிறைக்கு மாற்று, பிறகு சிறை. டெக்சாஸின் பேஹார் கவுண்டி இப்படி ஒரு மையத்தை 2008 முதல் நடத்துகிறது. ஃபுளோரிடாவின் மயாமி-டேட் கவுண்டியில் நீதிபதி ஸ்டீவன் லைஃப்மேன் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய மனநலத் திட்டமும் அதோடு வந்த போலீஸ் பயிற்சியும் பலன் தந்து, கவுண்டி ஒரு சிறையையே மூட முடிந்தது.

ஆனால் மேரியன் பெரிய நகரம், பஸ் ஓடுகிறது. உங்கள் ஊரில் எல்லைக்கு அப்பால் சோளக்காட்டு நடுவில் நீதிமன்றம் போனால், கார் இல்லாதவர், ஓட்டுநர் உரிமம் பறிக்கப்பட்டவர் எப்படி வருவார்? தேதி தவறினால் வாரண்ட், வாரண்ட் என்றால் மறுபடி உள்ளே. நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வில், நீதிமன்றத் தேதியை நினைவூட்டிக் குறுஞ்செய்தி அனுப்பியதிலேயே வராமல் போனவர்களின் எண்ணிக்கை நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. மறதிக்கே இவ்வளவு என்றால் பஸ் இல்லாத சாலைக்கு எவ்வளவு என்று யோசியுங்கள். நீதிமன்றச் சதுக்கத்தைச் சுற்றி வாழும் வழக்கறிஞர் அலுவலகங்கள், மதிய உணவுக் கடைகள் காலியாவதும் வரி வருமானத்தில் தெரியும். சிறை வெளியே போனாலும் நீதிமன்றமும் பொதுக் கவுண்டர்களும் நகர நடுவில் இருக்கும் மாற்று ஏற்பாட்டுக்கும் செலவுக் கணக்குப் போட்டார்களா என்று கேளுங்கள். கைதிகளைக் கொண்டுவரும் வேன் செலவு அதில் கூடும்தான். அதையும் எண்ணாகப் பார்க்கட்டும்.

புதிய சிறையின் உள்வடிவம் பற்றியும் ஒன்று. உங்கள் பழைய சிறை 1970களினது என்றால், நீண்ட நடைபாதையின் ஓரமாக வரிசையாகக் கொட்டடிகள் இருக்க வாய்ப்பு அதிகம். காவலர் நடந்து வரும் அந்த நிமிடம் மட்டும்தான் உள்ளே நடப்பது தெரியும். கலிபோர்னியாவின் கான்ட்ரா கோஸ்டா கவுண்டி 1981இல் மார்டினெஸ் ஊரில் திறந்த சிறையில் வேறு முறையைக் கொண்டுவந்தார்கள். நடுவில் பொதுக் கூடம், சுற்றி அறைகள், கூடத்திலேயே கைதிகளுக்கு நடுவே கண்ணாடித் தடுப்பு இல்லாமல் காவலரின் மேசை. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் காவலர் கண்ணெதிரே இருக்கும் கூடத்தில் அடிதடி முற்றுவது அரிது என்பதே இந்த முறையின் அடிப்படை. இன்று இது பரவலாக ஏற்கப்பட்டது. உங்கள் வரைபடத்தில் காவலர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால் காரணத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் ஆள் குறைப்புத்தான் காரணமாக இருக்கும்.

கூட்டத்தில் உங்களுக்கு மூன்று நிமிடம் தருவார்கள். அதில் எல்லாவற்றையும் கேட்க முடியாது. தங்கும் நாள் குறைந்தால் படுக்கை எத்தனை என்ற அட்டவணை, காவல் இடம் வாரியான பணியாளர் திட்டம், முதல் பத்து ஆண்டு நடத்தும் செலவு, இந்த மூன்றையும் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். மூன்று நிமிடத்தை அவற்றில் உள்ள ஓட்டைகளுக்கு வைத்துக்கொள்ளலாம். பழைய சிறையை இடிக்கும் செலவு எந்தத் தலைப்பில் இருக்கிறது என்றும் தேடுங்கள். 1970களின் கட்டடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது வழக்கம். அதை அகற்றும் தொகை முதல் அறிக்கையில் அநேகமாக இருக்காது, கட்டுமானம் தொடங்கிய பிறகு கூடுதல் கோரிக்கையாக வரும்.